ஒருவருக்கென்று தொகுக்கும் பாடல்கள்: உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கான பாடம்

நோயுற்றவரின் கட்டிலருகே பாட்டு ஒலிப்பது புதிய செய்தியன்று. டயாலிசிஸ் அறையிலும், புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலும், வீட்டுத் திண்ணையிலும் இன்று ஏதேனும் ஒரு கைப்பேசி பாடிக்கொண்டேயிருக்கிறது. ஆனால் அது யாருடைய பாட்டு என்று பார்த்தால், துணைக்கு வந்த இளைஞரின் பாட்டாகவோ, செயலி தானே எடுத்துக் கொடுத்த பாட்டாகவோதான் பெரும்பாலும் இருக்கிறது. படுத்திருப்பவரின் பாட்டாக அது இருப்பது அரிது. அவரும் எதுவும் சொல்வதில்லை. சொல்ல இயலாத நிலையில் சிலர் இருக்கிறார்கள். பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வாய்மூடி இருப்பவர்கள் பலர்.

இந்தப் பாடம் அந்த வேறுபாட்டைப் பற்றியது. ஒருவருடைய வாழ்க்கையைக் கேட்டறிந்து, அவருக்கென்றே இருபது அல்லது இருபத்தைந்து பாடல்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, உறவினரோடும் நண்பரோடும் பகிர்ந்துகொள்வது எப்படி என்பதை இங்கே விளக்குகிறோம். சாலவாக்கத்திலிருந்தும் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வரும் குடும்பங்களை மனத்திற்கொண்டே எழுதுகிறோம். ஆகையால் விலையுயர்ந்த கருவி எதனையும் இங்கே பரிந்துரைக்கவில்லை. தேவைப்படுவது ஒரு தாளும், கேட்பதற்குச் சிறிது பொறுமையும், பாட்டுப் போடக்கூடிய ஒரு சாதாரணப் பெட்டியுமே.

பதிவுக்கடை கற்பித்தது

தமக்கு வேண்டியவருக்காகப் பாடல்களைத் தொகுத்துக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, அதாவது நாம் கேசட் என்று அழைத்தது, எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைத்தெருக்கள் வரை வந்து சேர்ந்தது. அதனோடு பதிவுக்கடைகளும் வந்தன. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டால், கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து சில நாளில் தருவார். திருமணப் பரிசாகவும், வேலைக்கு வெளியூர் செல்லும் நண்பனுக்கு வழியனுப்புப் பொருளாகவும் அத்தகைய கேசட்டுகள் கைமாறின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்களின் வீடுகளில், பாட்டோடு நில்லாமல், குடும்பத்தாரின் பேச்சையும் பதிந்து அனுப்பினார்கள்.

உரிமையாளரின் இசைவின்றிப் பதிந்து விற்ற அந்த வணிகம் சட்டப்படி சரியானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நினைவுகூர்வது அந்த வணிகத்தையன்று. தாளில் பட்டியல் எழுதிய கையை. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் 30 நிமிடப் பக்கத்தில் எட்டுப் பாட்டுக்குத்தான் இடம். ஒன்பதாவது பாட்டைச் சேர்த்தால் நடுவே அறுந்துபோகும். எனவே எழுதுபவர் யோசித்தாக வேண்டியிருந்தது: எந்த எட்டு? எது முதலில்? யாருக்காக?

அந்த யோசனை இப்போது அவசியமற்றதாகிவிட்டது. கைப்பேசிக் கடையில் கேட்டால் ஒரு நகத்தளவு அட்டையில் ஆயிரம் பாட்டை ஏற்றித் தந்துவிடுகிறார்கள். நலமாக நடமாடுகிறவருக்கு அது வசதியே. பிடிக்காத பாட்டு வந்தால் அடுத்த பொத்தானை அழுத்திக்கொள்வார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தவரும், பொத்தான் எதற்கென்பதையே மறந்துவிட்டவரும் அப்படி அழுத்த இயலாது. என்ன வருகிறதோ அதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவர்களுக்கு ஆயிரம் பாட்டு ஒரு சுமை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

லிண்டா கெர்ட்னர் என்னும் அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர், மறதி நோயுற்ற 39 பேரிடம் செய்த ஆய்வை 2000-இல் வெளியிட்டார். மனத்தை அமைதிப்படுத்தும் என்று பொதுவாகக் கருதப்படும் செவ்வியல் இசையை ஒரு காலத்திலும், அவரவர் வாழ்க்கையில் விரும்பிக் கேட்ட இசையை மற்றொரு காலத்திலும் அவர்களுக்கு ஒலிக்கச் செய்தார். பொதுவான இனிய இசையைவிட, அவரவருக்கென்று தேர்ந்த இசையே அவர்களின் பதற்றத்தைக் கூடுதலாகத் தணித்தது. மாலையில் நிலைகொள்ளாமல் தவிக்கும் வழக்கமுள்ளவருக்கு, அந்த வேளைக்குச் சுமார் 30 நிமிடம் முன்னதாகவே பாட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்பதும் அவருடைய கருத்து. தவிப்பு உச்சத்தை எட்டிய பின்பு போடும் பாட்டு காதில் விழும், உள்ளே செல்லாது.

பின்லாந்தின் ஹெல்சின்கியில் பக்கவாதம் கண்ட 60 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் தாங்களே தேர்ந்த பாடல்களை இரண்டு மாதம் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் கேட்டனர்; மற்றொரு குழுவினர் ஒலிநூல்களைக் கேட்டனர்; மூன்றாம் குழுவினருக்கு இரண்டும் இல்லை. வழக்கமான மருத்துவமும் பயிற்சியும் மூவகையினருக்கும் நடந்தன. சொற்களை நினைவில் வைக்கும் ஆற்றலும் கவனத்தைக் குவிக்கும் ஆற்றலும் பாட்டுக் கேட்டவர்களிடம் மற்றவர்களைவிட நன்றாக மீண்டன.

இவற்றைப் படித்துவிட்டு அளவுக்கு மீறி எதிர்பார்க்கக் கூடாது. மறதி நோயில் இசைவழிச் சிகிச்சை குறித்து நடந்த 22 ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை, குறைந்தது 5 அமர்வுகள் நடந்தால் மனச்சோர்வு குறையக்கூடும் என்கிறது. நினைவாற்றலிலும் ஆவேசத்திலும் பெரிய மாற்றம் காணப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மேற்கண்ட 39 பேரின் ஆய்வு சிறியது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். பாட்டு மறதியைக் குணப்படுத்தாது. வலி மருந்துக்கு அது மாற்றன்று. பேச்சிழந்த சிலர் பழகிய பாட்டின் சொற்களை மட்டும் தங்குதடையின்றிப் பாடுவதைக் காணும் குடும்பத்தார், பேச்சு திரும்பிவிட்டது என்று மகிழ்வதுண்டு. பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே வழியில் செல்வதில்லை. அதனால்தான் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று ஓடுகிறது. அந்த வழியைப் பயன்படுத்திப் பேச்சை மீட்கும் முறை ஒன்றை 1973-இல் பாஸ்டனில் உருவாக்கினார்கள். ஆனால் அது பேச்சுப் பயிற்சியாளரின் துணையோடு நெடுநாள் செய்ய வேண்டிய பயிற்சி. பாட்டுக் கேட்பதனால் மட்டும் அது நிகழாது. உங்கள் வீட்டாரிடம் அத்தகைய பாடும் திறன் எஞ்சியிருப்பதைக் கண்டால், அடுத்த முறை வரும்போது பயிற்சியாளரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

எந்த ஆண்டுகளின் பாடல்கள்

முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான நிகழ்ச்சிகளே மிகுதியாகவும் தெளிவாகவும் வெளிவருகின்றன. மனவியலார் பலமுறை கண்டறிந்த உண்மை இது. பாடல் தேடுவதற்கும் இது நல்ல கணக்கு. 1947-இல் பிறந்த பெரியவர் என்றால் 1957 முதல் 1977 வரை. அவர் பத்து வயதுச் சிறுவனாக இருந்த 1957-இல்தான் விவித பாரதி தொடங்கியது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்த காலமும், 1965-இல் பிரிந்த பின் விஸ்வநாதன் தனித்து இசையமைத்த காலமும், கே. வி. மகாதேவன் இசையில் ‘திருவிளையாடல்’ வந்த ஆண்டும் அவருடைய இளமைக்குள் அடங்குகின்றன. இளையராஜாவின் முதற்படமான ‘அன்னக்கிளி’ 1976-இல் வந்தபோது அவருக்கு 29 வயது, ஏறக்குறைய எல்லைக்கோடு. அவருடைய மனைவி 1955-இல் பிறந்தவர் என்றால், அவருக்கு 1965 முதல் 1985 வரை. ஒரே வீட்டில் வாழ்ந்த இருவருக்கும் ஒரே தொகுப்பு பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எனினும், திரைப்படப் பாடல்களோடு நின்றுவிட்டால் நம் பக்கத்து முதியவர்களைப் பாதிதான் அறிந்தவர்களாவோம். ஊரில் ஓரிரு வீட்டில் மட்டும் வானொலி இருந்த காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கூடி நின்று கேட்டவர்கள் அவர்கள். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைப் பாட்டுக்கு நிகராக நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. இசைத்தட்டில் ஏறாத பாட்டும் நிறைய. நடவு வயலில் பாடியது, தாய் தாலாட்டியது, மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டி பாடிச் சென்றது, தேவாலயத்துப் பாடற்குழுவில் பாடியது, பெருநாளில் நாகூர் ஹனிபாவின் குரலில் கேட்டது என்று அந்த வரிசை நீளும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கூத்து. வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாள் நடக்கும்; அருச்சுனன் தபசு, கர்ண மோட்சம், இறுதியில் படுகளம். ஹார்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்த அந்த ஒலியைச் சிறுவயதில் தாயின் மடியில் தூக்கக் கலக்கத்தோடு கேட்டவர்களுக்கு, எந்தத் திரைப்பாடலும் அதற்கு இணையாகாது. செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தும், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலமும் நாடறிந்தவை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டு வளர்ந்தது உங்கள் ஊருக்கு வந்த ஜமாவின் கூத்தாக இருக்கலாம். அதனைக் கடையில் வாங்க இயலாது. அடுத்த திருவிழாவில் யாரேனும் ஒருவர், வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, வேஷம் திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிவரும் பகுதியைக் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிந்து வந்தால், அது தொகுப்பின் விலைமதிப்பற்ற பகுதியாகிவிடும். விடிய விடிய நடந்ததை முழுவதும் பதிய வேண்டியதில்லை.

கேட்டறியும் முறை

இந்தப் பாடத்தின் உயிர்நிலை இதுவே. ‘உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?’ என்று நேராகக் கேட்டால், ‘எதுவானாலும் சரிப்பா’ என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அந்தக் கேள்வி அவர்களைத் தேர்வு எழுத வைத்ததுபோல் ஆக்கிவிடுகிறது. இடத்தையும் ஆளையும் வைத்துக் கேளுங்கள். “ஆயா, உங்க கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுனாங்களா? என்ன பாட்டு போட்டாங்க?” “தாத்தா, டென்ட் கொட்டாயில நீங்க மொதல்ல பார்த்த படம் எது? யாரு கூட்டிட்டுப் போனாங்க?” “நம்ம தெருவுல யாரு வீட்டுல ரேடியோ இருந்துச்சு?” “கூத்துல உங்களுக்கு எந்த வேஷம் புடிக்கும்?” இவ்வாறு கேட்டால் பாட்டு தானே வரும்; பாட்டோடு கதையும் வரும். பாட்டின் பெயரோடு அந்தக் கதையையும் ஒரு வரியில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தப் பாட்டைப் போடும்போது, ‘இது பெரியப்பாவோடு சைக்கிளில் போய்ப் பார்த்த படமாச்சே’ என்று எடுத்துச் சொல்ல அது உதவும்.

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டாம். கட்டு மாற்றக் காத்திருக்கும்போது ஒன்று, பேருந்தில் வரும்போது ஒன்று என்று ஒரு வாரம் ஆகட்டும்.

மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தனியே ஒன்று சொல்கிறோம். இந்தக் கேள்விகளை இந்த மாதமே கேளுங்கள். அவர் இன்று தயங்கித் தயங்கியேனும் சொல்லக்கூடியதை அடுத்த ஆண்டு யாரும் சொல்ல இயலாமல் போகலாம். தந்தை எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சவரம் செய்வார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கேட்டுப் பார்த்தால் மகனுக்கு ராகம் நினைவிருக்கும், சொல் நினைவிருக்காது. மகளுக்கு நடிகர் முகம் நினைவிருக்கும், படம் நினைவிருக்காது.

பேச்சு முற்றிலும் போய்விட்டவருக்கு வேறு வழி. உடன்பிறந்தவர், பள்ளித் தோழர், ஒரே வயலில் வேலை செய்தவர், எதிர்வீட்டுக்காரர் ஆகியோரைக் கேளுங்கள். பரணில் பழைய கேசட்டுப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கேசட் ஓடாமற்போனாலும் அதன் அட்டையில் எழுதியிருக்கும் பட்டியல் ஓடும். பிறகு நாளுக்கு இரண்டு மூன்று பாட்டாகப் போட்டு முகத்தைக் கவனியுங்கள். விரல் தாளமிடுகிறதா, உதடு அசைகிறதா, கண் ஒலி வரும் பக்கம் திரும்புகிறதா, மூச்சு நிதானப்படுகிறதா என்று பாருங்கள். ஒரே பாட்டை மூன்று வெவ்வேறு நாளில் போட்டுப் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள். ஒருநாள் பலனில்லாமற்போனதற்கு வயிற்று வலி காரணமாக இருந்திருக்கலாம்.

கண்ணீர் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அழுதுவிட்டு ‘இன்னொரு தரம் போடு’ என்பவருக்கு அந்தப் பாட்டு வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்பவர், கையை இறுக மூடிக்கொள்பவர், கருவியைத் தள்ளிவிடுபவர் ஆகியோருக்கு அந்தப் பாட்டு வேண்டாம். எவ்வளவு புகழ்பெற்ற பாட்டானாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இறந்துபோன பிள்ளையோடு தொடர்புடைய பாட்டு, கணவனை இழந்தவருக்கு அவர்களுடைய திருமணத்தில் ஒலித்த பாட்டு ஆகியவற்றை முதலில் குடும்பத்தாரோடு பேசிவிட்டே சேர்க்க வேண்டும். ஒப்பாரியையும் சாவுப்பறையையும் மருத்துவமனையில் ஒலிக்க விடாதீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அது என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பக்தி குறித்தும் ஒரு சொல். அவர் வழிபட்ட தெய்வத்தின் பாட்டையே சேர்க்க வேண்டும்; நாம் வழிபடும் தெய்வத்தின் பாட்டையன்று. இறைநம்பிக்கையில்லாத முதியவருக்கு, நோய் வந்துவிட்டதே என்று கந்த சஷ்டி கவசத்தை ஒலிக்கச் செய்வது அன்பினால் செய்வதாயினும் அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

வரிசையும் குரலும்

கேசட்டின் ஒரு பக்கம் போதும் என்பது எங்கள் துணிபு. 30 நிமிடம், எட்டுப் பாட்டு. அத்தகைய மூன்று பக்கங்கள் இருந்தால் ஒரு முழுத் தொகுப்பு: காலைக்கு ஒன்று, பிசியோதெரபிப் பயிற்சிக்கோ குளிப்பாட்டும் வேளைக்கோ ஒன்று, இரவுக்கு ஒன்று. முதலில் வரும் பாட்டு அவர் உறுதியாக அடையாளம் கண்டுகொள்ளும் பாட்டாக இருக்கட்டும். விரைந்த பாட்டிலிருந்து மெதுவான பாட்டுக்குச் சட்டென்று தாவாமல், இடையே நடுத்தரமான ஒன்றை வையுங்கள். இறுதியில் எப்போதும் ஒரே பாட்டு வரட்டும். நாளடைவில் அது வந்தால் பாட்டு முடியப்போகிறது என்பதை அவர் உணர்ந்துகொள்வார், திடீரென்று அமைதியாகிவிட்டதே என்று திகைக்க மாட்டார். டயாலிசிஸுக்குச் சுமார் நான்கு மணி நேரம் இருப்பவர்கள் நான்கு மணி நேரமும் கேட்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் ஒரு பக்கம், கடைசி ஒரு மணி நேரம் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும்போது ஒரு பக்கம்.

பாட்டுகளுக்கிடையே குடும்பத்தாரின் குரலைச் சேர்ப்பது நல்ல முறை. வெளியூரில் இருக்கும் பேரன், “தாத்தா, நான் உங்க பேரன் பேசுறேன். இந்தப் பாட்டு உங்களுக்காக” என்று பத்து நொடி பேசி அனுப்பினால் போதும். உறவுமுறையையும் பெயரையும் குரலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்’ என்று மறதி நோயாளியைச் சோதிக்கும் விளையாட்டு வேண்டாம். உறவினர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டு அனுப்பட்டும். ஆனால் வரிசைப்படுத்துவது ஒருவர் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவரவர் விருப்பமே தொகுப்பாகிவிடும். முடிந்ததும் ஒரு படியை மகள் வீட்டிலும் கொடுத்து வையுங்கள். மாதம் மாறி மகள் வீட்டுக்குச் செல்லும் முதியவருக்குச் சுவரும் கட்டிலும் மாறினாலும் மாலைப் பாட்டு மாறாதிருக்கும். வீட்டாருக்குள் கேட்பதற்கென்று செய்த தொகுப்பைப் பொதுவில் பரப்பவோ விற்கவோ வேண்டாம்.

கருவி

யூடியூபிலிருந்து நேரே ஒலிக்கச் செய்தால் நடுவே விளம்பரம் உரத்த குரலில் குறுக்கிடும். உறக்கத்தின் விளிம்பில் இருப்பவரை அது உலுக்கிவிடும். பாட்டு முடிந்ததும் செயலி தன் விருப்பத்துக்கு வேறொன்றைத் தொடங்கிவிடும். ஆகையால் முறையாக வாங்கிய அல்லது பதிவிறக்கிய பாடல்களைச் சிறு ஒலிபெருக்கியிலோ பட்டன் போனிலோ அட்டை வழியாகப் போடுவதே நல்லது. கோப்புகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணிட்டால் பெரும்பாலான கருவிகள் வரிசை மாறாமல் பாடும். வாட்ஸ்அப்பில் வந்த குரற்பதிவைச் சிறு ஒலிபெருக்கிகள் அப்படியே ஏற்பதில்லை; எம்பி3 வடிவத்துக்கு மாற்றித் தருமாறு கைப்பேசிக் கடையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். பழைய கருவிகள் சில 32 ஜிபிக்கு மேற்பட்ட அட்டையைப் படிப்பதில்லை. இருபத்தைந்து பாட்டுக்கு மிகச் சிறிய அட்டையே மிகுதி.

ஒலியளவு குறித்து உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். அளவுமானி இல்லாத வீட்டில், கருவியின் முழு ஒலியில் பத்தில் ஆறு பங்கைத் தாண்டாமலிருந்தால் போதும். காது மந்தமானவருக்கு ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, காதுக்கு மேல் அமரும் ஹெட்போன் நன்று. காதுக்குள் நுழைக்கும் இயர்போனை ஒருவருடையதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

எப்போது பாட்டு வேண்டாம்

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று ஆளறியாமல் பிதற்றினாலோ, அளவுக்கு மீறி மயங்கிக் கிடந்தாலோ, பாட்டுப் போட்டு அமைதிப்படுத்த முயலாதீர்கள். தொற்று, சர்க்கரைக் குறைவு, உப்புச்சத்துக் குறைவு, மருந்தின் விளைவு ஆகிய பலவும் அதற்குக் காரணமாகலாம்; உடனே செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டிய நிலை அது. மருத்துவர் பார்வையிடும்போதும், உணவு ஊட்டும்போது விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கும் பாட்டை நிறுத்திவிடுங்கள். விழுங்குவதில் கவனம் சிதறினால் உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டும் வேண்டாம். அது சில நாளில் மின்விசிறியின் சத்தம்போல் ஆகிவிடும்.

சாலவாக்கத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்துப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிப்பிடுகிறது. மருத்துவரையும் அறுவை செய்பவரையும் சொல்வதோடு, மூலிகை கொண்டுவருபவர்களையும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களையும் அது கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. இந்தப் பாட்டுத் தொகுப்பும் அந்தக் கடைசி வகையினரின் வேலை. மருந்துச் சீட்டில் மருத்துவர் இதனை எழுதித் தர இயலாது. அவருக்கு உங்கள் ஆயாவின் கல்யாணத்தில் என்ன பாட்டு ஒலித்தது என்று தெரியாது.

தொகுப்பு முடிந்ததும் பட்டியலைத் தெளிவான கையெழுத்தில் இரண்டு படி எழுதுங்கள். ஒன்றை நோயாளியின் கோப்பில் வைத்துவிடுங்கள். மீண்டும் சேர்க்க நேர்ந்தால், இரவுப் பணிக்கு வரும் செவிலியர் எந்தப் பாட்டை எப்போது போடலாம், எதைப் போடக் கூடாது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். மற்றொன்றை வீட்டில் கருவியோடு கட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, சலித்துப்போனதை நீக்கி, புதிதாக நினைவுக்கு வந்ததைச் சேர்த்து, தேதியிடுங்கள்.